புதிதாகச் சமைப்பவருக்கு எந்தப் புத்தகம்?

திருமணம், புதுமனை புகுதல், வேலை கிடைத்து வெளியூர் செல்லுதல், பணியிலிருந்து ஓய்வு பெறுதல் ஆகிய வேளைகளில் உற்றாருக்கு என்ன பரிசு அளிக்கலாம் என்ற கேள்வி நம் எல்லோருக்கும் எழுவதுண்டு. குங்குமச் சிமிழும் சுவர்க் கடிகாரமும் அநேகமாக அவ்வீட்டில் முன்பே இரண்டு மூன்று இருக்கும். ஆகவே புத்தகக் கடைக்குப் போகிறோம். அங்கே கண்ணைக் கவரும் வண்ண அட்டைகளோடு சமையல் நூல்கள் வரிசையாக நிற்கின்றன. இதைவிடப் பயனுள்ள பரிசு வேறு உண்டா என்று எண்ணி, எல்லாவற்றிலும் பெரியதாக ஒன்றை வாங்கி, அழகிய தாளில் சுற்றிக் கொடுத்து விடுகிறோம். பெற்றுக்கொண்டவர் அதைப் பார்த்துச் சமைத்தாரா என்று விசாரிப்பவர் நம்மில் எத்தனை பேர்?

நான் விசாரிக்க நேர்ந்தது. அதனால்தான் இப்பொருளைப் பற்றிப் பேசத் துணிந்தேன்.

என் தமக்கையின் கணவர் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்று, நாகபுரியிலேயே தங்கிவிட்டவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தமக்கை காலமானார். ஒரே மகள் கடல் கடந்த நாட்டில் வேலையிலிருக்கிறாள். அத்தானுக்கு அப்போது வயது அறுபத்துமூன்று. அதுநாள் வரை அவர் சமையலறையில் செய்த வேலை, தண்ணீர் மொண்டு குடித்தது ஒன்றுதான். சில மாதங்கள் எடுப்புச் சாப்பாட்டில் காலம் தள்ளினார். உடல் மெலிந்தது; இரத்த அழுத்தமும் ஏறியது. தாமே சமைத்துக்கொள்வதென்று தீர்மானித்திருப்பதாக ஒரு நாள் தொலைபேசியில் சொன்னார். நான் மகிழ்ந்து, தில்லியிலிருந்து ஒரு பெரிய சமையல் நூலை வாங்கி அனுப்பினேன். நானூறுக்கு மேற்பட்ட பண்டங்கள், வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம் என்று அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு மாதம் கழித்து நாகபுரிக்குச் சென்றேன். புத்தகம் புதுக்கருக்கு மாறாமல் அலமாரியில் இருந்தது. “தம்பி, புத்தகம் மிகவும் நன்றாயிருக்கிறது. ஆனால் அது எனக்குச் சொல்லவில்லை, உன் அக்காளுக்குச் சொல்கிறது” என்றார் அத்தான். அடுப்பின் மேல் ரொட்டித் துண்டும் ஊறுகாயும் இருந்தன.

மத்திய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன் நான். விதிகளையும் அறிவுறுத்தல்களையும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டு வருவதே என் தொழில். அத்தான் சொன்ன சொல் என் தொழிலையே தொட்டது. ஓர் அறிவுறுத்தலைப் படிப்பவர் அருகில், அதை எழுதியவர் நிற்பதில்லை. சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. ஆகவே, படிப்பவருக்கு முன்கூட்டியே தெரியும் என்று எழுதியவர் எதை எதை எண்ணிக்கொண்டிருக்கிறாரோ, அதில்தான் குழப்பம் முழுவதும் பிறக்கிறது. “வழக்கம்போல் தாளித்துக் கொட்டவும்” என்று ஒரு வரி. யாருடைய வழக்கம்? வழக்கம் உடையவருக்குப் புத்தகம் வேண்டாம். வழக்கம் இல்லாதவருக்கு அந்த வரி வேண்டாம்.

இது புதிய குறையன்று. சமையலைப் பற்றி எழுதும் மரபு நம் நாட்டில் மிகப் பழைமையானது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்ற வடமொழி நூலில், அரசனுடைய போகங்களுள் ஒன்றாக உணவு விரிவாகப் பேசப்படுகிறது. உளுந்து மாவினால் செய்யப்பட்ட, இட்டிலியின் முன்னோர் என்று ஆராய்ச்சியாளர் கருதும் பண்டம் ஒன்றும் அதில் வருகிறது. மாளவ நாட்டின் மாண்டு நகரில், 1500-ஆம் ஆண்டை ஒட்டி, சுல்தான்களுக்காகப் பாரசீக மொழியில் ‘நிமத்நாமா’ என்ற நூல் ஓவியங்களோடு எழுதப்பட்டது. இவை அரண்மனை நூல்கள். இன்னது சுவையாயிருக்கும் என்று மன்னன் அறிந்துகொள்வதற்கும், கைதேர்ந்த மடைப்பள்ளியாருக்கு நினைவூட்டுவதற்கும் இவை போதும். அடுப்பு மூட்டவே அறியாத ஒருவனுக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுப்பது இவற்றின் நோக்கமாக இருந்ததில்லை.

அறியாதவருக்கென்று எழுதும் முறை பிற்காலத்தில்தான் உருவாயிற்று. இங்கிலாந்தில் எலைசா ஆக்டன் என்ற அம்மையார் 1845-இல் வெளியிட்ட நூலில், வேண்டிய பொருள்களின் அளவையும் வேகும் நேரத்தையும் செய்முறையிலிருந்து பிரித்துத் தனியே தொகுத்துத் தந்தார். 1896-இல் அமெரிக்காவின் பாஸ்டன் சமையற் பள்ளியைச் சார்ந்த ஃபேனி ஃபார்மர், கிண்ணத்தையும் கரண்டியையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். கும்பாரமாக ஒரு கரண்டியா, தலைதட்டி ஒரு கரண்டியா என்ற ஐயம் தீர்ந்ததும், யார் செய்தாலும் பண்டம் ஏறக்குறைய ஒரே விதமாக வரலாயிற்று.

தமிழில் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951-இல் வெளிவந்த ‘சமைத்துப் பார்’. உறவினரும் பழகியவரும் ஓயாமல் செய்முறை கேட்கவே, அவற்றைப் புத்தகமாக எழுதும்படி குடும்பத்துப் பெரியவர் ஒருவர் யோசனை கூற, அவர் எழுதத் தொடங்கினார். பின்னர் அது மேலும் பகுதிகளாக விரிந்தது, ஆங்கிலத்திலும் வந்தது. மணமான பெண்கள் புக்ககத்துக்கும், வேலைக்குச் செல்பவர்கள் வெளியூருக்கும் அதை எடுத்துச் செல்வது பல குடும்பங்களில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. தாயையும் பாட்டியையும் விட்டுத் தொலைவில் வாழப்போகிறவருக்கு இது துணை என்று கருதிப் பரிசளிக்கப்பட்ட நூல் அது. அதன் பெருமை இன்றும் குறையவில்லை.

எனினும், பழைய நூல் ஒன்றை இன்று பரிசளிப்பவர் ஒரு சிறு வேலை செய்ய வேண்டும். 1951-இல் நம் நாட்டில் மெட்ரிக் அளவைகள் வரவில்லை. அதற்கான சட்டம் 1956-இல் இயற்றப்பட்டது. 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய தமிழ்ச் சமையலறையில் ஆழாக்கும் உழக்கும் படியும் பலமும் வீசையும் ஆட்சி புரிந்தன. இன்று இருபத்தைந்து வயதுள்ள ஒருவர் ஆழாக்கைக் கண்டிருக்க மாட்டார். சென்னை வழக்கின்படி ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லிலிட்டர். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1,400 கிராம். இந்த நான்கு வரியை ஒரு சீட்டில் எழுதி அட்டையின் உட்புறம் ஒட்டிக் கொடுத்தால், பழைய நூல் புதியவருக்கும் பயன்படும். பிற்பதிப்புகளில் அளவுகள் மாற்றித் தரப்பட்டுள்ளனவா என்பதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்ளலாம்.

புதிய நூல்களிலும் அளவுத் தொல்லை இல்லாமற் போகவில்லை. ‘ஒரு கப்’ என்பது எவ்வளவு? அளவுக் கிண்ணமாக விற்கப்படுவது சுமார் 240 மில்லிலிட்டர் கொள்ளும். நம் வீட்டுக் காப்பிக் கோப்பை அதில் பாதிதான் கொள்ளும். கோதுமை மாவைக் கிண்ணத்தில் மெல்லத் தூவி நிரப்பினால் 120 கிராம் அளவில் நிற்கும். அழுத்தி நிரப்பினால் 150 கிராம் வரையில் ஏறிவிடும். தேக்கரண்டி என்பது 5 மில்லிலிட்டர், மேசைக்கரண்டி என்பது 15 மில்லிலிட்டர் என்று முதற் பக்கங்களிலேயே விளக்கும் நூல் நம்பத்தக்கது. எந்தக் கிண்ணம், எந்தக் கரண்டி என்று சொல்லாத நூல், எவ்வளவு அழகாயிருந்தாலும், புதியவருக்கு ஆகாது.

இனி உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ‘உப்பு தேவையான அளவு’ என்று எழுதாத சமையல் நூலே இல்லை எனலாம். எவ்வளவு தேவை என்பது தெரிந்திருந்தால் அவர் ஏன் புத்தகத்தைப் புரட்டுகிறார்? தூள் உப்பு ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம் இருக்கும். அதே கரண்டியில் கல்லுப்பை எடுத்தால், கற்களுக்கிடையே வெற்றிடம் இருப்பதால், எடை குறையும். ‘நால்வருக்கான சாம்பாருக்குத் தூள் உப்பு இத்தனை தேக்கரண்டி போட்டுக் கலக்கி, சுவைத்துப் பார்த்து, வேண்டுமானால் கால் கரண்டியாகக் கூட்டுக’ என்று எழுதியிருந்தால் அது ஆசிரியர் கைப்பிடித்து நடத்துவதற்குச் சமம். பெருங்காயமும் அவ்வாறே. கட்டிப் பெருங்காயத்துக்கும், மாவு கலந்து விற்கப்படும் கூட்டுப் பெருங்காயத் தூளுக்கும் காரத்தில் வெகு வேறுபாடு உண்டு. எதைக் குறிக்கிறோம் என்று நூல் சொல்ல வேண்டும். மிளகாயிலும், குண்டூர் மிளகாய்க்குச் சொன்ன அளவில் காசுமீர மிளகாயைப் போட்டால் நிறம் வரும், காரம் வராது. மாற்றிச் செய்தால் கண்ணீர் வரும்.

அளவுக்கு அடுத்தது பதம். தமிழில் இதைப்போன்ற அருமையான சொல் வேறில்லை. மொழிபெயர்ப்பாளனை இதுபோல் வருத்தும் சொல்லும் வேறில்லை. பாகு பதம், வதங்கும் பதம், வேகும் பதம் என்று நம் பாட்டிமார் ஒரு சொல்லில் அடக்கியதைப் புத்தகம் விரித்துச் சொல்ல வேண்டும். ‘ஐந்து நிமிடம் வதக்கவும்’ என்பது அரைச் செய்தி. அடுப்பின் தழலும் வாணலியின் கனமும் வீட்டுக்கு வீடு மாறும். ‘வெங்காயத்தின் வெண்மை நீங்கிக் கண்ணாடிபோல் ஆகும் வரை, ஏறத்தாழ ஐந்து நிமிடம்’ என்பது முழுச் செய்தி. கடுகு வெடித்து ஓசை அடங்குகிறபோது உளுத்தம்பருப்பைப் போடுக. அது சிவக்கத் தொடங்கும்போதே கறிவேப்பிலையைப் போடுக. வெந்தயம் கருகினால் கசக்கும், ஆகையால் அதைக் கடைசியில் சேர்க்க என்று கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் அடையாளம் சொல்ல வேண்டும். கால அளவும் அடையாளமும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பார்த்து நூலைத் தேர்ந்தெடுங்கள்.

அடையாளத்தோடு காரணமும் சொல்லும் நூல் இன்னும் மேலானது. அத்தான் ஒரு நாள் துவரம் பருப்பையும் புளிக்கரைசலையும் ஒன்றாகவே பாத்திரத்தில் இட்டு அடுப்பில் ஏற்றிவிட்டார். ஒன்றரை மணி நேரம் கொதித்தும் பருப்பு மசியவில்லை. பருப்பு மட்டமென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவிருந்தார். குறை பருப்பில் இல்லை. புளிப்பு, பருப்பின் உயிரணுச் சுவர்களை இளகவிடாது. ஆகவே பருப்பு வெந்த பிறகே புளி சேர்க்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரும் இதே தொல்லையைத் தரும். இந்தக் காரணத்தை ஒரு முறை அறிந்தவர் சாம்பாரில் மட்டுமின்றி, எந்தப் பருப்பிலும், எந்தப் பயற்றிலும் அத்தவற்றைச் செய்யமாட்டார். காரணம் சொல்லாத நூல் ஒரு பண்டத்தைக் கற்பிக்கிறது. காரணம் சொல்லும் நூல் சமையலைக் கற்பிக்கிறது.

நம் தேசம் பரந்தது. தஞ்சையில் எழுதிய செய்முறை சிம்லாவில் அப்படியே பலிக்காது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரமுள்ள சிம்லாவில் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் அதிகமாகும். அழுத்தக் குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை நெருங்குவதால் மலைவாசிகளுக்கு அது இன்றியமையாததாயிற்று. தில்லியின் தை மாதக் குளிரில் இட்டிலி மாவு இரவெல்லாம் வைத்தாலும் பொங்காது, தயிரும் உறையாது. ‘இரவு முழுவதும் வைத்து எடுக்க’ என்று மட்டும் எழுதிய நூலைப் படித்து, தன் கையில்தான் ஏதோ குறையென்று வருந்திய தமிழ்ப் பெண்கள் பலரைத் தலைநகரில் அறிவேன். ‘மாவு இரண்டு பங்காகப் பொங்கும் வரை; குளிர் காலமாயின் கதகதப்பான இடத்தில் கூடுதல் நேரம்’ என்று எழுதியிருந்தால் அவ்வருத்தம் நேர்ந்திராது.

வெளிமாநிலத்தில் வாழ்பவருக்கு இன்னொரு தடை, கடைத்தெருப் பெயர்கள். துவரம் பருப்பு வடக்கே அர்ஹர் ஆகிறது, பாசிப்பருப்பு மூங் தால், கடலைப்பருப்பு சனா தால், ஓமம் அஜ்வாயின், வெந்தயம் மேத்தி, பெருங்காயம் ஹீங். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் சில வேளை விபரீதம் விளையும். நம் கருஞ்சீரகத்தைக் ‘காலா ஜீரா’ என்று பெயர்த்துக் கேட்டால், கடைக்காரர் வேறொரு பொருளைக் கட்டிக் கொடுப்பார். நமக்கு வேண்டியதன் பெயர் அங்கே கலௌஞ்சி. இத்தகைய பெயர் அட்டவணை நூலின் இறுதியில் இருப்பது நன்று. இல்லாவிடில், பரிசு கொடுப்பவரே இரண்டு பக்கம் எழுதிச் சேர்த்துக் கொடுக்கலாம். அத்தானுக்கு நான் அப்படித்தான் செய்தேன்.

எந்த மொழியில் நூல் வேண்டும் என்பதும் இங்கே எழுகிறது. படித்தவர்தானே என்று ஆங்கில நூலை வாங்கிக் கொடுக்கிறோம். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கோப்பு எழுதிய என் அத்தானுக்கு, அடுப்பங்கரைச் சொற்கள் மட்டும் தமிழில்தான் காதில் விழுந்திருந்தன. தாளிப்பதும் வதக்குவதும் வறுப்பதும் வெவ்வேறு என்பது தமிழில் சொன்னபோது அவருக்கு உடனே விளங்கிற்று. மாறாக, தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாமல் வெளிமாநிலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் நூல் அலமாரிக்குத்தான் அழகு. அவர்கள் படிக்கும் மொழியிலேயே கொடுப்பதுதான் பரிவு.

அடுத்து, எத்தனை பேருக்கான செய்முறை என்பதைக் கவனிக்க வேண்டும். பல நூல்கள் ஆறு பேர் கொண்ட குடும்பத்தை எண்ணி எழுதப்பட்டவை. தொழிற்கல்வி நூல்களோ இன்னும் பெரிய அளவில் கணக்கிடும். பம்பாய் உணவுத் தொழிற் பயிற்சி நிலையத்தின் முதல்வராக விளங்கிய தங்கம் பிலிப் அம்மையாரின் நூல் புகழ்பெற்றதுதான். அது மாணவருக்கும் தொழிலுக்கும் ஏற்றது. தனியறையில் ஒருவருக்காகச் சமைப்பவர் எல்லாவற்றையும் ஆறால் வகுத்துவிட முடியாது. அரிசியையும் பருப்பையும் வகுக்கலாம். திறந்த பாத்திரத்தில் ஆவியாகும் நீர், பாத்திரத்தின் அகலத்தைப் பொறுத்தது. அது ஆளெண்ணிக்கைக்குக் கட்டுப்படாது. தாளிக்கும் எண்ணெயும் வாணலியின் அடியை நனைக்கும் அளவுக்காவது வேண்டும். ஆகவே ஒருவர் அல்லது இருவருக்கான அளவுகளை நேராகத் தரும் நூல் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்க.

புதியவருக்கான நூல் ஆபத்துகளையும் அஞ்சாமல் சொல்ல வேண்டும். குக்கரில் அரிசி, பருப்பு முதலியவற்றைத் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பலாகாது; மற்றவற்றை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பலாகாது; ஆவி போகும் துளை அடைபட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ராஜ்மா என்னும் சிவப்புப் பயற்றில், அரைகுறையாக வெந்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நச்சுப்பொருள் உண்டு. அதை ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாகக் கொதித்து வேகவிட வேண்டும். வடித்த சோற்றை வெயிற்காலத்தில் வெளியே வைத்துவிட்டு மறுவேளை சூடாக்கி உண்பதும் தீங்கு தரலாம். சமைத்த பின்னும் அழியாத நுண்ணுயிர் வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்கிவிட்டால், சூடாக்குவதால் அந்நஞ்சு நீங்காது. தாயின் அருகிலிருந்து கற்பவருக்கு இவை காதோடு காதாகக் கிடைத்துவிடும். தனியே இருப்பவருக்கு நூல்தான் சொல்ல வேண்டும்.

“இக்காலத்தில் புத்தகம் எதற்கு? செல்பேசியைத் திறந்தால் ஆயிரம் பேர் சமைத்துக் காட்டுகிறார்களே!” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சப்பாத்தி மாவைப் பிசையும் கையசைவை எந்த எழுத்தும் ஒரு படத்தைப்போல் காட்ட முடியாது. ஆனால் அங்கே ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகச் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது, அதற்கடுத்து எது என்ற ஒழுங்கு கிடையாது. மாவு படிந்த விரலால் படத்தை நிறுத்துவதும் ஓட்டுவதுமாக இருக்கையில் தாளிப்பு கருகிவிடும். புத்தகம் பொறுமையாகத் திறந்து கிடக்கும். அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதலாம். இரண்டையும் பயன்படுத்துபவரே அறிவாளி. ஆயினும் வரிசையாகக் கற்பதற்குப் புத்தகமே அடித்தளம்.

இவ்வளவையும் கடையில் நின்றபடியே சோதிக்க முடியுமா? முடியும். நூலைக் கையில் எடுத்ததும் பாதாம் அல்வாவையும் பிரியாணியையும் தேடாதீர்கள். சோறு வடிப்பது எப்படி, பருப்பு வேகவைப்பது எப்படி என்ற பக்கங்களைத் திறந்து பாருங்கள். அவை இல்லாவிடில் மூடி வைத்துவிடலாம். இருந்தால், அரிசி எவ்வளவு, நீர் எவ்வளவு, பாத்திரம் எத்தகையது, வெந்ததற்கு அடையாளம் என்ன என்று சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஏதேனும் ஒரு குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள்கள் எல்லாம் தலைப்பிலேயே, பயன்படும் வரிசையில் தொகுக்கப்பட்டுள்ளனவா? முன்னாள் இரவே ஊறவைக்க வேண்டிய பொருளைப் பற்றி ஏழாவது வரியில் திடீரென்று அறிவிக்கிறதா? உப்பு மிகுந்தால், நீர்த்துப் போனால், அடிப்பிடித்தால் செய்ய வேண்டியதைக் கூறுகிறதா? அறுபது பண்டங்களை இவ்விதம் விளக்கும் சிறு நூல், அறுநூறு பண்டங்களை அடுக்கும் பெரு நூலைவிடப் புதியவருக்கு உயர்ந்தது. கடைசியாக, நூலை மேசைமேல் விரித்து வையுங்கள். தானே மூடிக்கொள்கிறதா? எழுத்து ஒரு முழத் தொலைவிலிருந்து படிக்கக் கூடியதா? வயதானவருக்கு வாங்குகையில் இதுவே முதற் சோதனை.

பரிசோடு ஓர் அளவுக் கிண்ண வரிசையும் கரண்டி வரிசையும் சேர்த்துக் கொடுத்தால் பரிசு நிறைவு பெறும். செலவும் அதிகமில்லை.

இனி அத்தானின் கதையை முடித்துவிடுகிறேன். என் தமக்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் சமையற் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு அத்தான் அதை எடுத்துப் பார்த்திருக்கிறார். புளிக்குழம்பு என்று தலைப்பிட்டு, ‘அம்மா செய்கிற மாதிரி. வெந்தயம் அதிகம் கூடாது. பூண்டை முழுதாகப் போடவும்’ என்று மூன்று வரி. அவ்வளவுதான். தமக்குத் தெரிந்ததைத் தமக்கே நினைவூட்டிக்கொள்ள எழுதியவை அவை. அத்தானுக்கு வேண்டியிருந்ததோ அந்தப் புளிக்குழம்புதான். அந்த மூன்று வரியைக் கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் அனுப்பிய பெரிய புத்தகமும் கைகொடுக்கவில்லை.

இரண்டாம் முறை நான் தேர்ந்தெடுத்தது மெல்லிய நூல். படங்கள் குறைவு. சோறு, பருப்பு, ரசம், பொரியல் என்று படிப்படியாக ஏறும் வரிசை. அதோடு பெயர் அட்டவணையும் அளவுக் கரண்டிகளும் அனுப்பினேன். அத்தான் அதை இரயில்வே விதிப் புத்தகத்தைப் படிப்பதுபோல் முதற் பக்கத்திலிருந்து படித்தார். ஒவ்வொன்றையும் செய்து பார்த்து ஓரத்தில் தேதியிட்டார். ‘உப்பு கூடிற்று’, ‘தழலைக் குறைக்க வேண்டும்’, ‘சரியாக வந்தது’ என்றெல்லாம் அலுவலகக் குறிப்பைப்போல எழுதியிருக்கிறார்.

எட்டாம் மாதம் நான் மீண்டும் சென்றபோது எனக்குச் சோறு பரிமாறினார். குழம்பை ஊற்றிவிட்டு ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முழுப் பூண்டு, வெந்தயம் சற்றே. என் தாயாரிடமிருந்து என் தமக்கை கற்றுக்கொண்ட குழம்பு அது. அந்த மூன்று வரியும் இப்போது அவருக்குப் படிக்க வந்துவிட்டன. “இன்னும் கொஞ்சம் புளிப்பு இருக்க வேண்டும், இல்லையா தம்பி?” என்றார். இருக்க வேண்டும்தான். மறுநாள் சரி செய்துவிட்டார்.

புதியவருக்கென எழுதப்பட்ட நூலின் பணி அத்தோடு முடிகிறது. ஒவ்வொரு குடும்பத்திலும் அளவில்லாத குறிப்புகளும், ‘அம்மா செய்கிற மாதிரி’ என்ற வாய்மொழிகளும் இருக்கின்றன. அவற்றைப் படித்தறியும் ஆற்றலைத் தருவதற்காகவே எழுத்துக்கூட்டிச் சொல்லும் முதற்பாட நூல் ஒன்று வேண்டியிருக்கிறது. அடுத்த முறை நேயர்கள் பரிசளிக்கப் புத்தகக் கடைக்குச் செல்லும்போது, பெரிய நூல் வேண்டுமா, அழகிய நூல் வேண்டுமா என்று எண்ணுமுன், அதைப் பெறப்போகிறவர் அடுப்பின் முன் தனியே நிற்பதை ஒரு கணம் மனத்தில் கொள்ளுங்கள். சோறு வடிக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்த நூலை வாங்க வேண்டும் என்பது அங்கேயே விளங்கிவிடும்.